கேம்பாய் செய்த கும்பெய் யோகோய்

நம்ம சுவரேட்டில் வாழ்க்கை வரலாறு பகுதிக்கு இதுவரை தலைவர்களும் விஞ்ஞானிகளும்தான் வந்திருக்காங்க. இந்தத் தடவை ஒரு பொம்மை செய்தவரைப் பற்றி எழுதட்டுமா என்று தமிழ் ஐயாவிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். அப்புறம் இரண்டு சார்ட் தாள் எடுத்துக் கொடுத்துவிட்டார். அதனால்தான் கட்டுரை வழக்கத்தைவிட நீளம். மேல் வரிகள் எட்டாதவர்கள் பெஞ்சு போட்டு ஏறிப் படிக்கவும்.

அவர் பெயர் கும்பெய் யோகோய். ஜப்பான்காரர். வீடியோ கேம் விளையாடும்போது இடது கட்டைவிரலுக்குக் கீழே கூட்டல் குறி மாதிரி ஒரு பட்டன் இருக்குமே, அதைக் கண்டுபிடித்தவர். செல்போன் திரையில்கூட சில கேம்களில் அதே கூட்டல் குறியை வரைந்து காட்டுவார்கள். உங்க கட்டைவிரலுக்கு அவரைத் தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது!

யோகோய் 1941-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி கியோட்டோ நகரத்தில் பிறந்தார். அதே ஊரில் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரானிக்ஸ் படித்தார். பெரிய மின்சாதனக் கம்பெனிகளில் வேலை கிடைக்கவில்லை. 1965-இல் உள்ளூரிலேயே இருந்த நிண்டெண்டோவில் சேர்ந்தார். நிண்டெண்டோ என்றதும் வீடியோ கேம் ஞாபகம் வருதா? அப்போது அது சீட்டுக்கட்டு கம்பெனி. 1889-இல் ஆரம்பித்து, பூ படம் போட்ட ஹனாஃபுடா என்ற ஜப்பான் சீட்டுகளை அச்சடித்து விற்றுக்கொண்டிருந்தது. அந்தச் சீட்டு செய்யும் மெஷின்களைப் பார்த்துக்கொள்வதுதான் நம்ம ஆளுக்கு வேலை. மெஷின் ஓடினால் அவருக்கு வேலை இல்லை. ரிப்பேர் ஆனால்தான் வேலை.

சும்மா இருந்த நேரத்தில் அங்கிருந்த கருவிகளை வைத்து ஒரு விளையாட்டுச் சாமான் செய்தார். கடைகளுக்கு மடக்கு இரும்புக் கதவு இருக்கும் பாருங்க, குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள் வைத்து, இழுத்தால் விரியும், தள்ளினால் சுருங்கும். அந்த மாதிரி ஒரு கை. இந்தப் பக்கம் பிடியை அமுக்கினால் அந்தப் பக்கம் கை நீண்டு போய்ப் பொருளைப் பிடிக்கும். ஒருநாள் கம்பெனித் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி தொழிற்சாலைக்கு வந்தபோது இது அவர் கண்ணில் பட்டுவிட்டது. பிறகு தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். திட்டு விழப்போகுது என்றுதான் யோகோய் போனார். ஆனால் இதையே பொம்மையாகச் செய்து விற்கலாம் என்று தலைவர் சொல்லிவிட்டார். 1966-இல் அல்ட்ரா ஹேண்ட் என்ற பெயரில் கடைக்கு வந்தது. 10 லட்சத்துக்கு மேல் விற்றது. அன்றிலிருந்து யோகோய் மெஷின் பார்க்கப் போகவில்லை, பொம்மை யோசிக்கிற வேலைக்கு மாறிவிட்டார்.

அடுத்த பத்துப் பதினைந்து வருஷம் அவர் செய்த பொம்மைகளைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். 1969-இல் லவ் டெஸ்டர் என்று ஒன்று. இரண்டு பேர் ஆளுக்கொரு குமிழைப் பிடித்துக்கொண்டு கையும் கோத்தால், அவர்களுக்குள் எவ்வளவு அன்பு என்று முள் காட்டுமாம். உள்ளே இருந்தது என்ன? நம்ம பிசிக்ஸ் லேபில் இருக்கிற மாதிரி கரண்ட் அளக்கும் மீட்டர்தான். உடம்பு வழியாக ஓடும் துளி மின்சாரத்தைக் காட்டும். கை வியர்த்தால் முள் அதிகம் போகும். அவ்வளவுதான் காதல்!

எனக்கு ரொம்பப் பிடித்தது 1972-இல் வந்த லெஃப்டி ஆர்.எக்ஸ். என்ற ரிமோட் கார். அப்போது ரிமோட் கார் வாங்குவது என்றால் பணக்கார வீட்டுப் பிள்ளைகளால்தான் முடியும். நேராகப் போக, இடது திரும்ப, வலது திரும்ப என்று ஒவ்வொன்றுக்கும் தனியாக ரேடியோ சர்க்யூட் வேணும், அதுதான் விலைக்குக் காரணம். யோகோய் என்ன செய்தார் தெரியுமா? வலது பக்கம் திரும்புவதையே எடுத்துவிட்டார். பட்டனை அமுக்கினால் கார் இடது பக்கம் மட்டும் திரும்பும். வட்டப் பாதையில் ரேஸ் விட அது போதுமே! விலை இறங்கிவிட்டது.

ஒரு கம்பெனி ஆள் சூரிய ஒளியில் மின்சாரம் தரும் சோலார் செல்லை விற்க வந்தார். ஷார்ப் கம்பெனியின் மசாயுகி உவெமுரா அவர். யோகோய் அதை மின்சாரத்துக்காகப் பார்க்கவில்லை. வெளிச்சம் பட்டால் அதற்குத் தெரிகிறதே, அப்படியானால் அதுவே குறி பார்த்துச் சுடும் பலகை ஆகலாமே என்று யோசித்தார். துப்பாக்கியில் குண்டுக்குப் பதில் ஒரு மின்னல் வெளிச்சம். 1970-இல் ஒளித் துப்பாக்கி பொம்மை வந்தது. சோலார் செல் விற்க வந்த உவெமுராவும் பிறகு நிண்டெண்டோவிலேயே சேர்ந்துவிட்டார். 1983-இல் ஃபேமிகாம் என்ற டிவி கேம் பெட்டியைச் செய்த குழுவுக்குத் தலைவர் அவர்தான். நம்ம ஊரில் அண்ணன்மார் காலத்தில் டிவியில் மாட்டி விளையாடிய வீடியோ கேம் பெட்டிகள் நிறைய அதைப் பார்த்துக் காப்பி அடித்தவைதான்.

யோகோய் தன் வழிக்கு ஒரு பேர் வைத்திருந்தார். தமிழில் சொன்னால், காய்ந்துபோன தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசித்துப் பார்ப்பது. பச்சை மரத்தில் கதவு செய்தால் நாளாக நாளாக வளைந்துவிடும். காய்ந்த மரம்தான் நிற்கும். அது மாதிரி, புதிதாக வந்த பொருள் விலை அதிகம், எப்போது மக்கர் பண்ணும் என்றும் தெரியாது. பழகிப்போன பொருளின் குணமெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விலையும் மலிந்திருக்கும். அதை வேறு வேலைக்குத் திருப்பு என்பார்.

இப்போது புல்லட் ரயிலுக்கு வருவோம். 1970-களின் கடைசியில் ஒருநாள் யோகோய் ரயிலில் போகும்போது எதிரில் ஒரு ஆபீஸ்காரர் போரடித்துப்போய் கால்குலேட்டர் பட்டன்களைச் சும்மா அமுக்கி விளையாடிக்கொண்டிருந்தார். (நாமளும் செய்திருக்கோம், கணக்கு டியூஷனில்!) பெரியவர்கள் நாலு பேர் பார்க்காமல் விளையாட ஒரு குட்டிக் கருவி இருந்தால் எப்படி இருக்கும் என்று யோகோய்க்குத் தோன்றியது. ஒருநாள் தலைவரின் டிரைவர் வரவில்லை, யோகோய் கார் ஓட்ட வேண்டி வந்தது. போகிற வழியில் பேச்சோடு பேச்சாக இதைச் சொல்லி வைத்தார். தலைவர் போன கூட்டத்தில் ஷார்ப் கம்பெனித் தலைவரைச் சந்தித்துப் பேச, காரியம் நடந்துவிட்டது. கால்குலேட்டர் கம்பெனிகள் போட்டி போட்டு விலையைக் குறைத்ததில் எல்.சி.டி. திரை அப்போது மலிவாகக் கிடைத்தது.

கால்குலேட்டரில் 8 என்ற எண் ஏழு சின்னக் கோடுகளால் ஆனது. எந்தக் கோட்டைக் கறுப்பாக்குகிறோமோ அதற்கேற்ப எண் மாறும். யோகோய் அந்தக் கோடுகளுக்குப் பதிலாக மனுஷன், பந்து, கை என்று படங்களைத் திரையிலேயே பதித்துவிட்டார். ஒவ்வொன்றாகத் தெரிந்து மறைந்தால் பந்து பறக்கிற மாதிரி இருக்கும். 1980 ஏப்ரலில் முதல் கேம் அண்ட் வாட்ச் வந்தது. விளையாடாத நேரத்தில் அதுவே கடிகாரம். 1991 வரை பல ரகங்கள் சேர்த்து 4 கோடியே 34 லட்சம் விற்றன.

அந்த வரிசையில்தான் 1982-இல் டாங்கி காங் என்ற கருவி வந்தது. டாங்கி காங் அதற்கு முந்தைய வருஷமே கடைகளில் காசு போட்டு ஆடும் பெரிய பெட்டியாக வந்து ஓடிய ஆட்டம். அதை உருவாக்கிய இளைஞர் ஷிகேரு மியாமோட்டோ, மேற்பார்வை யோகோய். மரியோ பிறந்தது அந்த ஆட்டத்தில்தான். அதைச் சட்டைப்பைக்குள் கொண்டு வர ஒரு சிக்கல். பெரிய பெட்டியில் தடி மாதிரி ஜாய்ஸ்டிக் இருந்தது. கையடக்கக் கருவியோ புத்தகம் மாதிரி மூடுவது. தடி இருந்தால் மூடாது. தனித்தனியாக நாலு பட்டன் வைத்தால் குனிந்து பார்த்துப் பார்த்து அமுக்கணும். அதனால் நாலையும் ஒட்டிக் கூட்டல் குறி ஆக்கினார். நடுவில் ஒரு குமிழ் மேல் அது ஆடும், ஒரு பக்கம் அமுங்கினால் எதிர்ப்பக்கம் தூக்கும். கண் திரையில் இருக்க, விரலுக்கே திசை தெரிந்துவிடும். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த வடிவம் மாறவில்லை.

அடுத்து கேம்பாய். 1989 ஏப்ரல் 21-ஆம் தேதி ஜப்பானில் வந்தது. சாம்பல் நிறச் செங்கல் மாதிரி இருக்கும். திரையில் கலர் இல்லை, பச்சை கலந்த பின்னணியில் நாலு அளவு கருமை. விளக்கு இல்லை, இருட்டில் ஒன்றும் தெரியாது. அதே வருஷம் அட்டாரி கம்பெனியின் லின்க்ஸ், அடுத்த வருஷம் சேகாவின் கேம் கியர், இரண்டும் கலர் திரை, உள்ளே விளக்கு. பக்கத்தில் வைத்தால் கேம்பாய் பரிதாபமாகத்தான் இருக்கும். ஆனால் அவற்றுக்கு ஆறு பென்சில் செல் (சுவர்க் கடிகாரத்துக்குப் போடுவோமே, அது) போடணும், சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம்பாய்க்கு நாலு செல் போட்டால் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். அமெரிக்காவில் கேம்பாய் 90 டாலர், லின்க்ஸ் சுமார் 180. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் எது இருந்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்க. கேம்பாயும் பின்னால் வந்த கேம்பாய் கலரும் சேர்ந்து 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல் விற்றன.

இதில் யோகோய்க்கு மட்டும் பெருமை கொடுத்தால் சரியில்லை. அவர் முதலில் கேம் அண்ட் வாட்ச் மாதிரியே இன்னும் எளிய ஒரு பொம்மையைத்தான் நினைத்தார். அவர் குழுவில் இருந்த சதோரு ஒகாடா, வெளியில் உள்ளவர்களும் பல வருஷம் ஆட்டம் எழுதக்கூடிய கருவியாக இருக்கணும் என்று வாதாடினார். கடைசியில் யோகோய் ஒத்துக்கொண்டார். மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸ் கேம்பாயோடு சேர்ந்ததும் பெரிய பலம். நம்ம ஊர்த் திருவிழாக் கடைகளில் பிரிக் கேம் என்று விற்றது டெட்ரிஸ் ஆட்டத்தைத்தான். 1993-இல் ரஷ்ய விண்வெளி வீரர் அலெக்சாந்தர் செரெப்ரோவ் ஒரு கேம்பாயையும் டெட்ரிஸ் கேசட்டையும் மிர் விண்வெளி நிலையத்துக்கே கொண்டுபோனார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீங்க. எங்க சித்தப்பா பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன், ரேடியோ சர்வீஸ் கடை வைத்திருக்கார். போன லீவில் ஒருத்தர் சிங்கப்பூரில் வாங்கிய கேம்பாய் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். என்னைவிட அதற்கு வயசு இரண்டு மடங்கு! செல் வைக்கும் இடத்தில் பச்சையாகக் களிம்பு. திரையில் மேலிருந்து கீழாக நாலைந்து கோடு காணவில்லை. களிம்பை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்தோம். பின்பக்கத் திருகு மூணு பிளவு உள்ளது, அதற்குத் தனி ஸ்குரூடிரைவர். திரைக்குக் கீழ் ஓரத்தில் ரிப்பன் மாதிரி ஒரு பட்டை ஒட்டியிருக்கும், அந்த ஒட்டுதான் வருஷக்கணக்கில் விட்டுப்போகிறது. சால்டரிங் அயர்னைச் சூடு குறைத்து அதன் மேல் மெதுவாகத் தேய்த்தார் சித்தப்பா. ஒவ்வொரு கோடாக உயிர் வந்தது. நான் மூச்சுகூட விடவில்லை.

கேசட்டை வாயால் ஊதிப் போடுகிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு. ஊதக்கூடாது, எச்சில் ஈரம் பட்டுத் துரு ஏறும். போர்டு துடைக்கிற ஐ.பி.ஏ. திரவத்தில் நனைத்த பட்ஸால் துடைக்கணும். சில கேசட்டுக்குள் காயின் பேட்டரி உண்டு. ஆட்டத்தில் எதுவரை வந்தோம் என்று ஞாபகம் வைத்திருப்பது அதுதான். அது தீர்ந்துவிட்டால் ஆட்டம் ஓடும், ஆனால் நேற்று ஆடியது இன்று இருக்காது. அந்தச் சிங்கப்பூர்க்காரரின் போக்கிமான் கேசட்டில் அப்படித்தான் ஆகியிருந்தது. சின்ன வயசில் சேர்த்த போக்கிமான் ஒன்றுகூட இல்லை. பேட்டரியை மாற்றலாம், போனது வராது. அவர் ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சித்தப்பா சொல்வார், அந்தக் காலத்துக் கேம் கியர் வந்தால் வேலை அதிகம். உள்ளே உள்ள கெபாசிட்டர்கள் கசிந்து போர்டையே அரித்திருக்கும். அநேகமாக எல்லாவற்றையும் பிடுங்கி மாற்றணும். கேம்பாயில் கெட்டுப்போக உள்ளேயே அதிகம் எதுவும் இல்லை.

கருவி கிடைக்காதவர்களுக்கு எமுலேட்டர் இருக்கு. ஒரு கம்ப்யூட்டரை இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி நடிக்க வைக்கும் மென்பொருள். அண்ணனுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன், துளியும் திணறாமல் ஓடியது. எமுலேட்டர் எழுதக் கற்றுக்கொள்பவர்கள் பலர் முதலில் எடுப்பது கேம்பாயைத்தான், ஏன்னா அதன் சிப் அவ்வளவு எளிமை. கடையில் விற்ற ஆட்டங்களை அனுமதியில்லாமல் காப்பி எடுப்பது சட்டப்படி தப்பு. ஆனால் இன்றைக்கும் ஆர்வலர்கள் கேம்பாய்க்குப் புது ஆட்டம் எழுதி இலவசமாகக் கொடுக்கிறார்கள், நான் ஆடியது அவைதான். ஒரு குறை. கீபோர்டில் அம்புக்குறி தட்டுவதும் அந்தக் கூட்டல் குறியை விரலால் உருட்டுவதும் ஒன்றல்ல.

இனி வருத்தமான பகுதி. 1995-இல் யோகோய் வெர்ச்சுவல் பாய் என்ற கருவியைச் செய்தார். மேஜை மேல் நிற்க வைத்து, அதற்குள் முகத்தைப் புதைத்துப் பார்க்கணும். இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு படம் காட்டுவதால் ஆழம் தெரியும். ஆனால் எல்லாமே சிவப்பும் கறுப்பும். விலை குறைந்த எல்.இ.டி. சிவப்பில்தான் கிடைத்தது. கழுத்து வலிக்கிறது, கண் வலிக்கிறது என்றார்கள். சுமார் 7 லட்சத்து 70 ஆயிரம்தான் விற்றது, ஒரு வருஷத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். யோகோய் தன் கொள்கையைத் தானே மறந்துவிட்டார் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிவப்பு எல்.இ.டி.யும் காய்ந்த பொருள்தானே. கேம்பாயைப் பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்க்கலாம், கேபிள் போட்டு இரண்டு பேர் ஆடலாம். வெர்ச்சுவல் பாயில் முகத்தை நுழைத்தவர் தனி ஆள். அதுதான் கோளாறு என்று நினைக்கிறேன். உடன்படாதவர்கள் கீழே எழுதலாம், இடம் விட்டிருக்கேன். இப்போது மிச்சம் இருக்கிற வெர்ச்சுவல் பாய்களிலும் திரையின் பட்டை ஒட்டு விட்டுப்போய்ப் படம் கிழிகிறதாம். சாதாரணத் திரையில் எமுலேட்டர் போட்டாலும் அந்த ஆழம் வராது.

1996-இல் மெலிசான கேம்பாய் பாக்கெட்டை முடித்துக் கொடுத்துவிட்டு, அந்த ஆகஸ்டில் 31 வருஷ வேலையை விட்டார். வெர்ச்சுவல் பாய் தோற்றதால் துரத்திவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. அது காரணமல்ல, ஐம்பது வயசை ஒட்டி விலகித் தன் விருப்பப்படி வேலை செய்யும் எண்ணம் முன்பே இருந்தது என்று பத்திரிகையில் விளக்கினார். கோட்டோ என்ற சிறு கம்பெனி ஆரம்பித்து, பண்டாய் கம்பெனிக்காகப் புதுக் கையடக்கக் கருவி ஒன்றை வடிவமைத்தார்.

1997 அக்டோபர் 4. இஷிகாவா மாவட்டத்தில் ஹோகுரிகு விரைவுச்சாலை. அவர் போன கார் முன்னால் போன சின்ன லாரியில் இடித்தது. பெரிய அடி இல்லை. என்ன ஆச்சு என்று பார்க்க இறங்கினார். அப்போது வந்த இன்னொரு கார் அவரை மோதிவிட்டது. வயது 56.

அவர் வடிவமைத்த கருவி 1999 மார்ச்சில் வொண்டர்ஸ்வான் என்ற பெயரில் ஜப்பானில் வந்தது. விலை 4,800 யென். நெட்டாகவும் பிடிக்கலாம், குறுக்காகவும் பிடிக்கலாம். அதோடு வந்த புதிர் ஆட்டத்துக்கு கும்பெய் என்று அவர் பேரையே வைத்தார்கள். கலர் கிடையாது. ஒரே ஒரு பென்சில் செல்லில் 30 மணி நேரத்துக்கு மேல் ஓடியது.

பி.கு: வீட்டுப் பரண் மேல் பழைய பிரிக் கேம், டிவி கேம் எது கிடந்தாலும் பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன் என்னிடம் காட்டவும். செல்லை மட்டும் கழற்றிவிட்டுக் கொண்டு வாங்க.

- 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு